மரத்தடிக்கு ஒரு டிக்கெட்

ஜூன் 4, செவ்வாய்

முதியோர் கல்வி வகுப்பில் இன்று நான் எழுதிய பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. வழியெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். "பல் கட்டப்படும்." எனக்குத்தான் சொல்கிறார்கள்.

அவரவர் இருக்கும் இடத்துக்குப் பெயர் எப்படி வந்தது என்று எழுதி வரச் சொன்னார் டீச்சரம்மா. என்னோடு படிக்கும் பூட்டு ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார். எனக்கென்ன கவலை? எங்கள் நிறுத்தத்துக்குப் பெயர் வந்ததே என் வீட்டுக்காரியால்தானே.

ஜூன் 6

எழுதி முடித்தேன். விரல் மரத்துப்போய்விட்டது.

"வளைவில் முன்பு பேருந்து நிற்காது. என் மனைவி எதிரே இருந்த சலவைக் கடையில் தேய்ப்பு வேலை பார்த்தாள். பிறவியிலேயே ஒரு கால் குட்டை. அவள் சாலையைக் கடக்கும்வரை டிரைவர்கள் வண்டியை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் நாலு பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். அதுவே நிறுத்தம் ஆயிற்று. நொண்டி வளைவு என்று பெயர் வந்தது."

ஒரு ஆளுக்காக ஒரு நிறுத்தம்! யாருக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை?

ஜூன் 7

அவளுக்குப் படித்துக் காட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்தேன். இல்லை.

"எழுத்துக் கத்துக்கிட்டு, எங்கிட்ட முதல்ல படிச்சுக் காட்ட உங்களுக்கு இதுதான் கிடைச்சுதா?" என்றாள்.

ஜூன் 8

இன்றுதான் சொன்னாள். இத்தனை வருடமும் டிக்கெட்டுக்கு அந்தப் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லையாம். அடுத்த நிறுத்தமான மில் கேட்டுக்கு டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கித் திரும்பி நடந்து வருவாளாம். காற்று வாங்க நடக்கிறாள் என்றல்லவா நினைத்தேன்! கூடவே இருந்தேனே, எனக்கு ஏன் தெரியவில்லை?

ஜூன் 20

நிறுத்தங்களுக்கெல்லாம் பலகை வைக்கப் போகிறார்களாம். வேறு பெயர் வேண்டுமென்றால் எழுதிக் கொடுங்கள் என்று வார்டு ஆபீஸ்காரர் வீடு வீடாகச் சொல்லிப் போனார். உன் பெயரையே எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

"ஏங்க, என்னை விட்டுடுங்க. அங்க ஒரு மரம் நிக்குதே, மரத்தடின்னு எழுதுங்க. அது யாரையும் ஒண்ணும் சொல்லாது."

எழுதினேன். கையெழுத்துக் கோணல் என்று சிரித்தாள். சிரித்தால் இருமல் வருகிறது.

ஜூலை 9

மரத்தடியே முடிவாகிவிட்டது. அவளைச் சேர்த்திருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். "பலகை வந்ததும் நாம ரெண்டு பேரும் அங்கயே இறங்குவோம்" என்றாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை எழுத வரவில்லை.

ஜூலை 17

போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12

பலகை வைத்திருக்கிறார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. ம. ர. த். த. டி. யாரும் சொல்லித்தராமல் படித்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். என்ன பழக்கம் இது.

ஆகஸ்ட் 13

பேருந்தில் "மரத்தடி ஒண்ணு" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாதே, பெரியவரே."

பின்னால் இருந்த அம்மா, "நொண்டி வளைவைத்தான் சொல்றாரு" என்றார். கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லியே டிக்கெட்டை நீட்டினார். கை நீட்ட முடியவில்லை. மில் கேட்டுக்குக் கொடுங்கள் என்றேன்.

அங்கிருந்து திரும்பி நடந்தேன். மேடு. நல்ல கால் இரண்டு இருந்தும் நடுவில் உட்கார வேண்டியதாயிற்று. இதையா இத்தனை வருடமும் நடந்தாய்?

ஆகஸ்ட் 14

மரத்தடி என்றே கேட்டேன். இல்லை என்றார். மில் கேட். நடை.

ஆகஸ்ட் 19

பூட்டுக்காரரும் கூட வந்து "மரத்தடி ரெண்டு" என்றார். கிழங்களுக்குப் பொழுது போகவில்லை என்று யாரோ சிரித்தார்கள். நடையில் அவருக்கும் முழங்கால் வலி.

செப்டம்பர் 3

நான் வாய் திறக்கும் முன்பே கண்டக்டர், "மரத்தடிதானே, ஐயா?" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

வளைவிலேயே இறங்கினேன். நான் சாலையைக் கடந்து முடிக்கும்வரை பேருந்து நின்றுகொண்டிருந்தது.