செயலாளரின் குவளை

9 செப்டம்பர் 1933, சனி

நான் கேட்கவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். என் கணவர் லேயோவின் பீர்க் குவளையைத் திருப்பித் தரும்படி நானே கழகத்தாரிடம் கேட்டேன் என்று மீன்கடையில் என் காதுபடவே பேசினார்கள். பொய். புதன்கிழமை ஹோய்ஸ்லர் வந்து என் சமையலறைக் கதவைத் தட்டினார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கழகத்தின் முதல் செயலாளர் லேயோ; அவரோடு சேர்ந்து இந்தக் கால்பந்துக் கழகத்தை நிறுவியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் மேசையில் காபி குடித்தவர்.

"கமிட்டி முடிவு, செயலாளரம்மா. யூதர் பேரு எதுவும் இனி கழகத்துல இருக்கக்கூடாதாம். நான் என்ன செய்ய?"

லேயோ என்னை மணக்க ஞானஸ்நானம் பெற்றவர். எங்கள் கோயில் கல்லறையில் நான்கு வருடமாகத் தூங்குகிறார். அது அவர்கள் கணக்கில் வராது.

பொட்டலத்தைப் பிரிக்கப்போவதில்லை.

10 செப்டம்பர், ஞாயிறு

பிரித்துவிட்டேன். அழுக்கோடு ஒரு பொருளை வீட்டில் வைத்திருக்க மடத்துப் பள்ளியில் மதர் வால்புர்காவிடம் படித்தவளால் முடியாது. வெந்நீரில் கழுவி, அதன் ஈய மூடியைச் சாம்பல் போட்டுத் துலக்கினேன். எழுத்து துலங்கியது. மோசே.

இது லேயோவுடையது அல்ல.

நிதானமாக எழுதுகிறேன். அவர்கள் படித்த காலத்தில் மாணவர்கள் கால்பந்து ஆடக் கூடாது. தேகப்பயிற்சி ஆசிரியருக்கு அது ஆங்கிலேயக் கிறுக்கு. பிடிபட்டால் பள்ளியை விட்டு நீக்கிவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு பொய்ப்பெயரில் ஆடினார்கள், பத்திரிகையிலும் அந்தப் பெயர்களே வந்தன. பிற்பாடு 'தங்க ஆட்டுக்கடா' விடுதியின் பின்னறையில் நிறுவியவர்களுக்கென்று கொக்கி அடித்துக் குவளைகள் மாட்டியபோது, மூடிகளில் அந்தப் பெயர்களைத்தான் ஆசையாகப் பொறித்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடை அலோய்ஸ் ஸிம்பர் பந்தை எடுக்கப் போய் ஆற்றில் விழுந்தார், நாணலுக்குள்ளிருந்து தூக்கினார்கள். வேதத்தில் நாணலுக்குள் கிடைத்த யூதக் குழந்தை மோசே; அதனால் அவர் மோசே. கூட்டத்திலேயே நோஞ்சான் என் லேயோ. அவருக்குக் கேலியாக சீக்ஃபிரீட் என்று பெயர் வைத்தார்கள், பறவைநாகத்தைக் கொன்ற ஜெர்மானியப் பழங்கதை வீரன் பெயர்.

புதிய தலைவர் ஷ்ட்ரோபல் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொக்கிகளை அண்ணாந்து பார்த்திருக்கிறார், மோசே என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. யூதன் குவளை எது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை அவருக்கு.

சிரித்தேன். தனியாக, சத்தமாக. பிறகு பின்னறையை நினைத்துப் பார்த்தேன். லேயோ இன்னும் அங்கேதான் தொங்குகிறார்.

13 செப்டம்பர், புதன்

ஹோய்ஸ்லருக்குத் தெரிந்திருக்கிறது! வரச் சொல்லி ஆளனுப்பினேன், வந்தார். குவளையை அவர் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்காதே, ஹோய்ஸ்லர்."

"இதுதானேன்னு ஷ்ட்ரோபல் கேட்டார். நான் வாயே திறக்கல. அவ்வளவுதான் நான் செஞ்சது." குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பாருங்க, செயலாளரம்மா. நீங்களும் நானும் வாயை மூடிக்கிட்டா லேயோ அங்கேயே இருப்பான். அவனுங்க மூக்குக்கு மேலேயே தொங்குவான். இதைவிட வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"அப்ப அலோய்ஸ் ஸிம்பர்?"

"அவன் போர்ல செத்தவன். அவனுக்கு ஊர் நடுவுல கல்லே வச்சிருக்காங்க."

லேயோவுக்காகத்தான் வாய் திறக்கவில்லையா, இல்லை பயந்தா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று.

14 செப்டம்பர்

மோசே என் அலமாரியில். தேநீர்க் கோப்பைகளுக்குப் பின்னால்.

21 செப்டம்பர், வியாழன்

இன்று முழுவதும் மழை. லேயோவின் மேசையைத் துடைத்தேன்.

அவர் ஆட்டத்தில் தேறாதவர். அதை அவரே சொல்வார். "ஓடுறவன் ஓடட்டும், க்ளோட்டில்ட. யாராவது ஒருத்தன் உக்காந்து எழுதணுமில்ல?" எழுதினார். ரயில் அட்டவணையை விரித்து, அளவுகோலை வைத்து, எந்த ஊர் அணி எந்த ஞாயிறு எந்த ரயிலில் வந்தால் பூசையும் தவறாது, ஆட்டமும் நடக்கும், இருட்டுவதற்குள் வீட்டுக்கும் போகலாம் என்று கோடு போடுவார். இந்தப் பகுதியின் ஆட்டங்கள் எல்லாம் என் சாப்பாட்டு மேசையில் பிறந்தவை. எழுத்துப்பிழைகளை நான் திருத்தினேன். கோல் கம்பங்களைக் கைவண்டியில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு போவார். தேகப்பயிற்சிச் சங்கத்தார் சாலையோரம் நின்று, "என்ன வெர்ட்ஹைமர், தூக்குமரம் யாருக்கு?" என்று கத்துவார்கள். அவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வார். எனக்குக் கோபம் வரும்.

லைப்ஸிக்கில் நாடு முழுமைக்குமான சங்கம் அமைக்கக் கூடியபோது இந்த ஊர் சார்பில் போனவர் அவர். திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பருகில் நின்றார். "இனிமே எங்க போனாலும் ஒரே விதி, க்ளோட்டில்ட. எல்லாருக்கும் ஒரே விதி!"

எல்லாருக்கும் ஒரே விதி.

2 அக்டோபர், திங்கள்

ரொட்டிக்கடைக்குப் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். இன்று மாவு தீர்ந்துவிட்டது. அலோய்ஸின் விதவை ஆஃப்ரா ஸிம்பர் தானே முன்னால் வந்து பொட்டலம் கட்டினாள்.

"நாப்பதாவது வருஷம்னு இந்த வாட்டி பெரிய ஹால்லயாம், செயலாளரம்மா. பதினாலாம் தேதி. பேண்டு வாத்தியமெல்லாம் உண்டாம். எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்த முதல் வாய் போதும்."

நிறுவிய நாளில் இறந்தவர்களின் குவளைகளை இறக்கி நிரப்புவார்கள். முதல் வாய் விதவைக்கு. பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். இத்தனை காலமும் அது பின்னறையில் நாங்கள் சிலர் மட்டும் கூடிச் செய்தது.

"எங்க புதைச்சாங்கன்னே தெரியாது அவரை. எனக்குக் கல்லறைன்னா அந்தக் குவளைதான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க ஏம்மா உங்க குவளையைத் திருப்பிக் கேட்டீங்க?"

"நான் கேட்கல," என்றேன். பிளம்ஸ் கேக் ஒரு துண்டைக் காசு வாங்காமல் கையில் வைத்தாள். அவள் கணவரின் கல்லறையை என் அலமாரியில் ஒளித்து வைத்துக்கொண்டு அவள் கேக்கை எப்படித் தின்பது?

ரகசியமாக அவளிடம் கொடுத்துவிடலாம். அவள் அதை எடுத்துக்கொண்டு நேரே விடுதிக்குத்தான் போவாள். அது போய்ச் சேர வேண்டிய இடமும் அதுதான். ஸிம்பர் கொக்கிக்குத் திரும்பினால், அப்போது லேயோவுடையது எது என்று தேடுவார்கள்; லேயோ இறங்கியாக வேண்டும்.

9 அக்டோபர்

ஜெபமாலை பாதியில் நின்றது.

15 அக்டோபர், ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

எனக்கு அழைப்பில்லை. கறுப்புப் பட்டு உடுத்திக்கொண்டு, மோசேயைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வாசலில் ஆஃப்ராவைப் பார்த்தால் அங்கேயே கொடுத்துவிடுவதென்று நினைத்திருந்தேன். அவள் முன்பே உள்ளே போயிருந்தாள். கதவோரம் நின்றேன். ஹால் நிறைய ஆட்கள், பாதிப் பேர் சீருடையில். ஷ்ட்ரோபல் மேடைமேல் ஒரு குவளையை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"இந்த சீக்ஃபிரீட் யாருன்னு எனக்குத் தெரியாது, தோழர்களே. ஆனா பேரைப் பாருங்க! இந்த மாதிரி ரத்தம்தான் நம்ம கழகத்தைக் கட்டுச்சு. இவருக்கு விதவை யாரும் வரலியா? அப்ப நானே குடிக்கிறேன்!"

குடித்தார். நுரை மீசையில் ஒட்டியது. ஹால் முழுவதும் எழுந்து நின்று குடித்தது. லேயோவுக்காக. பக்கத்தில் இருந்த ஹோய்ஸ்லர் என்னைப் பார்த்துவிட்டார். இலேசாகத் தலையசைத்தார், போய்விடுங்கள் என்பதுபோல. அந்த நொடியில் நான் திரும்பியிருக்கலாம்.

ஆஃப்ராவின் குரல் கேட்டது. "என் வீட்டுக்காரர் குவளை எங்கங்க?"

"எது?"

"மோசேன்னு போட்டிருக்கும்."

சிரிப்பு. பின்வரிசையிலிருந்து ஒருவன், "என்ன ஆஃப்ரா, உன் புருஷனும் அந்தக் கூட்டமா? சொல்லவே இல்லியே! ரொட்டியைப் பார்த்துத்தான் வாங்கணும் போல!" என்றான். மேசைகள் அதிர்ந்தன. அவள் சிவந்துபோய் நின்றாள், போரில் கணவனைக் கொடுத்தவள்.

நடந்து போனேன். குவளையை அவள் கையில் கொடுத்தேன்.

"இது அலோய்ஸ் ஸிம்பருடையது. பிசகாக என் வீட்டுக்கு வந்துவிட்டது. ஷ்ட்ரோபல் அவர்களே, நீங்கள் இப்போது குடித்தது என் கணவர் லேயோபோல்ட் வெர்ட்ஹைமருடைய குவளையில். உங்கள் கழகத்தின் முதல் செயலாளர் அவர்." மடத்தில் பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னேன். கடைசி மேசைவரை கேட்டிருக்கும்.

ஷ்ட்ரோபல் குவளையைக் கை சுட்டதுபோலக் கீழே வைத்தார். "ஹோய்ஸ்லர்! இது உண்மையா?"

ஹோய்ஸ்லர் எழுந்தார். எனக்காக எழுகிறார் என்று நினைத்தேன். ஆண்டவரே, அப்படித்தான் நினைத்தேன்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க, தலைவரே. அந்தம்மாவுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல."

வேறு யாரும் எழவில்லை. என் மேசையில் காபி குடித்தவர்கள் எத்தனை பேர் அங்கே! ஆஃப்ராவின் குவளையை யாரும் நிரப்பவில்லை. பக்கத்து ஜாடியிலிருந்து தானே ஊற்றிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். என்னிடம் மெல்ல, "போயிடுங்கம்மா. என்னையும் சேர்த்துப் பார்க்கிறாங்க," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வந்துவிட்டேன். லேயோவை அங்கேயே விட்டுவிட்டு.

24 அக்டோபர், செவ்வாய்

விடுதியில் பரிமாறும் பாபெட் பின்வாசல் வழியாக வந்தாள், முக்காடு போட்டுக்கொண்டு.

"அன்னிக்கு நீங்க போனதும் அந்த மனுஷன் வாய் கொப்பளிச்சான் பாருங்க, அம்மா! அதுவும் நான் தேய்ச்சு வச்ச தொட்டியில! பன்னிகூட அப்படிச் சத்தம் போடாது."

"குவளை?"

அவள் சிரிப்பு நின்றது. "பின்கட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒரு சத்தம் கேட்டுச்சு. அதுவான்னு நான் பார்க்கல. பார்க்கப் பயமா இருந்துச்சும்மா."

நான் குடித்துவிட்டு வந்து ஹாலில் கலாட்டா செய்ததாக இப்போது சொல்கிறார்களாம். அந்த மாலை ஒரு சொட்டுகூட நான் தொடவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன். யாருக்காக என்று தெரியவில்லை.

2 நவம்பர், கல்லறைத் திருநாள்

கழகத்தார், நிறுவியவர்களின் கல்லறைகளில் மலர் வளையம் வைத்துக்கொண்டே வந்தார்கள். லேயோவின் வரிசை வந்ததும் பாதை மாறிப் போனார்கள்.

20 நவம்பர், திங்கள்

கழகத்துக்கு இன்று தபாலில் அனுப்பியதன் நகல்:

கழகத்தின் புதிய செயலாளர் திரு. ஹோய்ஸ்லர் அவர்களுக்கு,

தங்கள் நியமனத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். மூடியில் சீக்ஃபிரீட் என்று பொறித்த குவளை, தங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஒருவருடையது. அது இப்போது எங்கே இருக்கிறது? உடைக்கப்பட்டிருந்தால், உடைக்கப்பட்டது என்று எழுதுங்கள். மூடி மட்டும் மிஞ்சியிருந்தால் அது எனக்குப் போதும்.

என் சமையலறைக் கதவு தங்களுக்குத் தெரியும். வர வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.

க்ளோட்டில்ட வெர்ட்ஹைமர்