அக்காவின் கன்னத்து நிறம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு இருக்கிறதா என்பதுதான் என் கவலை. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத கள்ளி நீ என்பதால்தான் இந்தக் கேமராவை அனுப்பியிருக்கிறேன். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன், வை" என்கிறாய். அதற்குள் கடையில் யாராவது துணியை உதறச் சொல்லிவிடுகிறார்கள். வீடியோவில் வா என்றால் முகம் பூசணிக்காய் மாதிரி தெரிகிறதாம், சிக்னல் இல்லையாம்.

சரி, உன் வழிக்கே வருகிறேன். வாரம் ஒரு கடிதம், ஞாயிறுதோறும் ஒரு படம். அத்தான் எடுத்து, கடிதத்தோடு மெயிலில் சேர்த்துவிடட்டும். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு ஒரு பொத்தானை அழுத்துவது பெரிய காரியமா? இந்தக் கேமரா இன்னும் கடைக்கே வரவில்லை. எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். இதன் நிறங்களில் என் கையும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் மரியாதையாகத் தொடு.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று உனக்கே தெரியும். போன வருஷம் உன் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "கட்டி திரும்ப வந்துதுன்னா கண்ணுலயும் தோல்லயும்தான் மஞ்சள் முதல்ல தெரியும். பார்த்த அன்னைக்கே வந்துடுங்க." இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் நேரம் வந்துவிட்டது. கேட்டால் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். திரும்பக் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை நான் எங்கேயும் நகர முடியாது. உன் முகத்தில் மஞ்சள் இல்லை என்று தெரியாமல் நான் அதைக் கொடுக்க மாட்டேன். அனுமதி போனால் போகட்டும்.

உன் வாலு

---

பிப்ரவரி 11

என் செல்ல வாலுவுக்கு,

கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. அத்தான் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு அலைகிறார். இந்த ஞாயிறு படம் இதோடு இருக்கிறது. திருப்தியா மகாராணி?

ஆனால் உன் கேமராவால் என் மானம் போகிறது, கேட்டுக்கொள். புதிதாக வந்த துணிகளை அதில் படம் எடுத்து வாடிக்கைக்காரர்களுக்கு அனுப்பினேன். அடேயப்பா, ஒவ்வொரு நிறமும் கண்ணைப் பறித்தது. எல்லாம் அன்றைக்கே விற்றுவிட்டது. மறுநாளே திரும்பியும் வந்துவிட்டது! டீச்சரம்மா வந்து கவுண்டரில் துணியைப் போட்டுவிட்டு, "படத்துல மயில் கழுத்து நிறம், கையில பார்த்தா பாசி நிறம். நல்லா இருக்கே உங்க நியாயம்" என்றாள். நான் என்ன சொல்ல, தங்கச்சி செய்த வேலை என்றா? கிளிப்பச்சையும் அப்படித்தான், அரக்கும் அப்படித்தான். அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறீர்கள்? இந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? விவரமாக எழுது. டீச்சரம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. போன படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது.

உன் அக்கா

---

பிப்ரவரி 14

அன்பு அக்கா,

முதலில் படம். பெரிய திரையில் போட்டு ரொம்ப நேரம் பார்த்தேன். கன்னத்தில் ரத்தம் ஓடுகிறது, கண் வெள்ளை வெளேர் என்றிருக்கிறது. பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டு "எங்க அக்கா" என்று காட்டினேன். என்னைவிட நீ இளமையாக இருக்கிறாய் என்றாள். அதற்கு உன்னிடம் தனியாகச் சண்டை போட வேண்டும்.

இப்போது டீச்சரம்மாவுக்கான பதில். கேமராவுக்குள் ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. அதில் கோடிக்கணக்கில் குழிகள். எந்தக் குழிக்கும் நிறம் தெரியாது, எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொன்றின் மேலும் பொட்டளவுகூட இல்லாத ஒரு வண்ணக் கண்ணாடி. ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், இரண்டுக்குப் பச்சை. ஆக ஒவ்வொரு குழியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டையும் பக்கத்துக் குழிகளிடம் கேட்டு ஊகித்துக்கொள்கிறது. நீ பார்க்கிற படத்தில் பாதிக்கு மேல் ஊகம்தான் அக்கா.

அப்படி வருகிற படம் சோகையாக, மங்கிப்போய் இருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் வேலை. வானத்தைக் கொஞ்சம் ஆழமாக்குவோம், இலையில் இருக்கும் பழுப்பைக் குறைப்போம். ஒவ்வொரு கம்பெனிக்கும் இதில் ஒரு கைப்பக்குவம் உண்டு. நாங்கள் ஆட்களை உட்கார வைத்து இரண்டு படங்களைக் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்போம். உள்ளதை உள்ளபடி காட்டும் படத்தை ஒருத்தரும் தொடுவதில்லை. என் பங்கு, மனிதத் தோல். எந்தத் தோலானாலும் மஞ்சளைச் சற்று இறக்கி, சிவப்பைச் சற்று ஏற்றி, கண் வெள்ளையைத் துடைத்துவிடுவது. ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கிறது.

துணிக்கு ஒரு வழி சொல்கிறேன். மெனுவில் நிறம் என்ற இடத்தில் 'மிதம்' என்று ஒன்று இருக்கும், அதில் வைத்து எடு. பாஸ்போர்ட் விஷயம், இன்னும் ஒன்றிரண்டு படங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

உன் வாலு

---

பிப்ரவரி 25

வாலுக்குட்டிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அத்தானுக்கும் படித்துக் காட்டினேன். அவர் "அப்ப காசு கொடுத்து ஊகத்தை வாங்குறோமா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். எனக்கு நன்றாகப் புரிந்தது. கடையில் சிவப்புத் துணி அடுக்குக்கு மேலே நான் மஞ்சள் பல்பு போட்டிருக்கிறேனே, அதே சங்கதிதான். நீ படித்துவிட்டுச் செய்கிறாய், நான் ஸ்டூலில் ஏறிச் செய்கிறேன். துணிக்கு 'மிதம்' வைத்துவிட்டேன், இப்போது யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. வாங்குவதும் குறைந்துவிட்டது, அது வேறு கதை.

இரண்டு ஞாயிற்றுப் படங்களும் இதோடு இருக்கின்றன. என் முகத்துக்கு 'மிதம்' எல்லாம் வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் அழகாகத் தெரிய ஆசை இருக்காதா? உடம்புக்கு ஒன்றுமில்லை. புதுத் துணித் தூசியில் உடம்பெல்லாம் அரிப்பு, அவ்வளவுதான். கை வைத்தியம் பார்க்கிறேன்.

நீ இன்னும் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. எனக்காக நீ எதையும் விட வேண்டாம். படத்தைப் பார், நான் எப்படி இருக்கிறேன் என்று நீயே சொல். போய்க் கொடுத்துவிட்டு எனக்கு எழுது. இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு படம் கிடையாது.

உன் அக்கா

---

மார்ச் 1

அக்கா,

உன் மிரட்டலுக்குப் பயந்து இன்று காலை போய்க் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த அம்மாள் பாஸ்போர்ட்டை ஒரு உறையில் போட்டு, இனி இது தலைமை அலுவலகத்துக்குப் போகும், அவசரம் என்று யாரும் வந்து நிற்கக் கூடாது என்று கறாராகச் சொன்னாள். எனக்கு என்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டே வந்தேன். மூன்று படத்திலும் நீ ரோஜாப்பூ மாதிரி இருக்கிறாய். ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உன் வாலு

---

மார்ச் 19

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்த உடனே பதில் போடு. கடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று வேலையில் ஒரு சோதனைக்குப் பழகிய முகம் ஒன்று தேவைப்பட்டது. உன் ஞாயிற்றுப் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகத் திரையில் வைத்தேன். ஒன்று மழை நாளில் எடுத்தது, ஒன்று உச்சி வெயில், ஒன்று டியூப்லைட். பின்னால் இருக்கும் சுவர் ஒரு படத்தில் நீலம் தட்டுகிறது, இன்னொன்றில் பழுப்பாக இருக்கிறது. கொடியில் தொங்கும் அத்தானின் சட்டையும் நிறம் மாறுகிறது. உன் கன்னம் மட்டும் மாறவே இல்லை. அளந்து பார்த்தேன், எல்லாப் படத்திலும் ஒரே எண். அது உன் நிறம் இல்லை அக்கா. அது நான் போட்ட எண். எந்தத் தோல் வந்தாலும் இங்கே கொண்டுவந்து நிறுத்து என்று நான்தான் எழுதி வைத்தேன்.

என் கை வேலையைப் பார்த்தா இத்தனை நாள் நிம்மதியாக இருந்தேன்? எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போல இருக்கிறது. அரிப்பு என்று எழுதினாயே, அதையும் இப்போதுதான் திரும்பப் படித்தேன், அதுவும் மஞ்சளின் அடையாளமாம். போன் அடித்தால் நீயும் எடுப்பதில்லை, அத்தானும் எடுப்பதில்லை.

மெனுவில் 'மூலக் கோப்பு' என்று இருக்கும். அதில் வைத்து, வாசல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியோடு ஒரே ஒரு படம். அதில் யார் கையும் படாது. சில்லு அளந்தது அப்படியே எனக்கு வரும். தயவுசெய்து அக்கா.

வாலு

---

மார்ச் 21

என் கண்ணு வாலுவுக்கு,

நான் சொல்லச் சொல்ல அத்தான் தட்டுகிறார். இப்போதெல்லாம் உன் கடிதங்களையும் அவர்தான் படித்துக் காட்டுகிறார், எழுத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அவரைத் திட்டாதே. என் மேல் சத்தியம் வாங்கித்தான் வாயை அடைத்து வைத்தேன்.

நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது. ஆபீசில் திறக்காதே, வீட்டுக்குப் போய்த் திற.

கேமரா வருவதற்கு முன்பே மஞ்சள் வந்துவிட்டது. முதல் படத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்துகொண்டேதான் நின்றேன். பார்த்தால் படத்தில் நான் நன்றாக இருக்கிறேன்! கண்ணாடியில் ஒருத்தி, படத்தில் ஒருத்தி. ஏன் என்று புரியவில்லை. அதனால்தான் துணியைச் சாக்கு வைத்து உன்னிடம் கேட்டேன். துணி திரும்பி வந்ததும் நிஜம்தான், டீச்சரம்மா திட்டியதும் நிஜம்தான். நீ விவரமாக எழுதினாய், புரிந்துகொண்டேன். அந்தப் படத்தைக் காட்டியே உன்னைப் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வைத்தேன். நீ இங்கே வந்து என்ன செய்யப் போகிறாய்? டாக்டர் மறுபடி கத்தி வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். உன் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். ஞாயிறு ஞாயிறு நானும் அந்தப் படத்தைப் பார்ப்பேன். கொஞ்ச நேரம் நானே நம்பிவிடுவேன்.

வராதே என்று சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அத்தான் தட்டாமல் நிற்கிறார். எழுதுங்க என்கிறேன், மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார்.

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது வாலு. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. எப்படியாவது வந்துவிடேன்.

உன் அக்கா

---

மார்ச் 24

அன்புள்ள அத்தானுக்கு,

இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அக்கா பக்கத்தில் இருந்தால் வெளியே போய்விடுங்கள்.

படத்தைத் திறந்தேன். வீட்டிலும் நான் வேலைக்கு வைத்திருக்கும் அதே திரைதான், அது காட்டும் நிறத்தில் தப்புச் சொல்ல முடியாது. கண்ணும் தோலும் இந்த அளவுக்கு வந்த பிறகு எவ்வளவு நாள் இருக்கும் என்று ஒரு டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை உங்கள் டாக்டரும் உங்களிடம் சொல்லியிருப்பார். நான் எழுதிய நிறத்தை அந்தப் படத்தின் மேல் போட ஒரு பொத்தான் போதும். போட்டேன், அக்கா எழுந்து கடைக்குப் போகிறவள் மாதிரி ஆனாள். எடுத்தேன். மறுபடியும் போட்டேன். விடியும்வரை வேறு எதுவும் செய்யவில்லை.

பாஸ்போர்ட் கிடைக்காது அத்தான். அலுவலகத்தில் அந்த அம்மாளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் நல்லவள்தான், இரண்டு மூன்று இடத்துக்குப் போன் செய்தாள். உறை தலைமை அலுவலகத்தில் வரிசையில் இருக்கிறதாம், நடுவில் உருவ முடியாதாம். சீக்கிரம் என்றாலே மே மாதம் ஆகிவிடுமாம். நம் தூதரகத்துக்கு ஓடினேன். பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் மாற்றுக் காகிதம் கொடுப்பார்களாம். "உங்களுது பத்திரமா இருக்கே, நாங்க எப்படிக் கொடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். நாளைக்கும் போவேன், அடுத்த நாளும் போவேன். ஆனால் அதற்குள் முடியாது என்று எனக்குத் தெரியும்.

கேமராவை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இனிப் படம் வேண்டாம். கீழே இருப்பதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். படிக்கும்போது உங்கள் குரல் உடையக் கூடாது. அவள் எதையும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள்.

என் அக்கா,

பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. அந்த அம்மாளிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன், பாவம், கண் கலங்கி அன்றைக்கே எடுத்துக் கொடுத்துவிட்டாள். டிக்கெட்டும் போட்டாயிற்று, ஜன்னலோரம் கேட்டு வாங்கினேன். பெட்டியில் பாதி உனக்கு வாங்கியதுதான். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன், கெஞ்சினாலும் சொல்ல மாட்டேன். உன் படத்தைப் பார்த்தேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை, முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது, அவ்வளவுதான். பயப்படாதே. அத்தான் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு. நான் கிளம்பிவிட்டேன் அக்கா. கண் விழிக்கும்போது உன் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் வாலு