ஈரச் சாக்கு

மே 14, வியாழன்.

இன்று ஏழு ஏசி ரிப்பேர் பார்த்தேன். கோரிப்பாளையத்துப் பாய் வீட்டு ஏசி மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. ஆபரேஷன் முடிந்து வந்த அவர் மனைவி அந்த அறையில்தான் படுத்திருக்கிறார். மூன்று நாளாக மத்தியானமானால் அறை குளிரவில்லையாம்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெளி யூனிட்டைச் சுற்றி ஈரச் சாக்கை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சூடு வெளியேற வழியில்லாமல் மெஷின் திணறிக்கொண்டிருந்தது. பின்னாலேயே பாய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரோடு ஏறி வந்தார்.

"இந்த வெயில்ல அதுவும் எம்புட்டு நேரந்தான் தாங்கும் தம்பி? மணிக்கொரு தடவ நான்தான் நனச்சு விடுறேன்."

சாக்குதான் காரணம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஃபில்டர்ல தூசி பாய்" என்றேன். வெளி யூனிட்டையும் துடைக்க வேண்டும் என்று சொல்லி, சாக்கை அவிழ்த்துப் பையில் திணித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் அறை குளிர்ந்தது. அந்தம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பாய் வாசல்வரை வந்தார். "நான் சாக்கு போட்டதுனாலதான் இம்புட்டு நாள் தாங்குச்சு, இல்ல தம்பி?"

"ஆமா பாய்" என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை எடுக்கும்போதுதான் பார்த்தேன், மாடிப்படிக்கு அடியில் இன்னும் நாலு சாக்கு மடித்து வைத்திருக்கிறார். காலையில் வெயில் ஏறுமுன் மறுபடி அங்கே போய்விட வேண்டும். எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் நனைத்துக் கட்டுவார்.