எண்ணெயில் கிடந்த கத்தி

மார்ச் 4

புதிதாக ஒன்று கிடைத்தது. மடக்கும் வேட்டைக் கத்தி, மான்கொம்புக் கைப்பிடி. பழைய சாமான் கடையில் ஓடாத கடிகாரங்களுக்கு அடியில் கிடந்தது. துருவேறி, அலகு கைப்பிடிக்குள்ளேயே இறுகிவிட்டது. நகம் வைத்து இழுத்தால் நகம்தான் போகும். காலி ஜாம் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, மூட்டுப் பக்கம் மூழ்கும்படி நிற்க வைத்து, பால்கனி மேசையில் விட்டிருக்கிறேன். ஊறட்டும்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். "சமையலறைக் கத்தி தக்காளித் தோலைக்கூட வெட்ட மாட்டேங்குது. அதைக் கேக்க நாதியில்லை. இந்தக் கிழத்துக்கு வைத்தியமா?" பல் செட் செய்யும் இடத்தில் நாள் முழுக்க அடுத்தவர் பற்களைத் தேய்த்து மெருகேற்றுகிறவள் வீட்டுக்கு வந்தும் தேய்க்கிறாளே என்பது அவருக்குத் தீராத ஆச்சரியம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன். தம்பியோடு லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஆள். "மேல் மாடியில லிஃப்ட் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு கீழயே பாத்துட்டு நின்னாருக்கா. கூப்பிட்டாலும் திரும்பலை. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தோம். கொஞ்ச நாளாவே அவர் சரியில்லை. வந்து அழைச்சிட்டுப் போயிடுங்க."

நாளைக் காலை முதல் பஸ்.

மார்ச் 6

கூட்டி வந்துவிட்டேன். சட்டை அவன் தோளில் தொங்குகிறது. "என்னடா ஆச்சு?" என்றேன். "தூக்கம் வரலைக்கா, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது.

வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றினான். அவன் தலைக்கு நேரே என் கண்ணாடி அலமாரி. பேனாக்கத்திகள், பழம் சீவும் கத்திகள், தோலுறையோடு இரண்டு வேட்டைக் கத்திகள். வருகிறவர்களையெல்லாம் நிறுத்திவைத்து, கதை சொல்லிக் காட்டி அலுக்காத அலமாரி. இன்று அதை மறைத்தபடி போய் நின்றுகொண்டேன். எப்படி இத்தனையை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்?

மார்ச் 7

அவன் குளிக்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொன்றாகத் துணி சுற்றக்கூட நேரமில்லை. கைப்பிடிகள் ஒன்றோடொன்று உரசியிருக்கும். உரசட்டும். சாவி என் சாப்பாட்டுப் பையில். சமையலறைக் கத்திகளும் பீரோவுக்குள் போய்விட்டன.

"தக்காளி நறுக்க உன்கிட்ட மனுப் போடணுமா?" என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தக்காளியைக் கையாலேயே பிசைந்து போட்டார்.

தம்பி குளித்துவிட்டு வந்தான். காலி அலமாரியைப் பார்த்தான்.

மார்ச் 9

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் அவன் வெளியே வரவில்லை. கதவைத் தட்டி, "சோப்பு இருக்காடா?" என்று கேட்டேன். "இருக்கு" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 11

எங்கள் கூட்டத்துக்குப் போகவில்லை. அதனால் பிரேம்கடை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். படங்களுக்குச் சட்டம் போடுவது அவர் தொழில். கத்தி சேகரிக்கும் நாங்கள் ஏழெட்டுப் பேரும் அவர் கடையில்தான் கூடுவோம். ஆளுக்கொரு கத்தியை அடுத்தவரிடம் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவைப்பது எங்கள் வழக்கம். கொடுக்கிறவர் மடக்கி, உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும். வாங்குகிறவர் திறந்து பார்த்து, மடக்கி, "இனி இது என் பொறுப்பு" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வரும்வரை கொடுத்தவர் கையை எடுக்கக் கூடாது. விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது சட்டமாகிவிட்டது.

அண்ணன் ஒரு எலும்புப்பிடிக் கத்தியை நீட்டியபடி இதையெல்லாம் தம்பிக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி கவனமாகக் கேட்டான். வந்ததிலிருந்து அவன் எதையும் அப்படிக் கேட்டதில்லை. "எனக்கு உடம்பு முடியலைண்ணே, அடுத்த மாசம் வாங்கிக்கிறேன்" என்று அவசர அவசரமாகக் கத்தியோடு அவரை அனுப்பிவைத்தேன். மனுஷன் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

மார்ச் 14

ஐயோ, அந்த ஜாம் பாட்டில்.

வேலையிடத்தில் ஒரு மேல்வரிசைப் பல் செட்டை மெருகுச் சக்கரத்தில் பிடித்திருந்தேன். எண்ணெய் வாடை வந்தது. சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. செட் கைநழுவிக் கீழே விழுந்து ஒரு பல் தெறித்தது. அதை எடுக்கக்கூட இல்லை. ஓடிவந்தேன்.

எப்படி மறந்தேன்? மறக்கவில்லை, அதுதான் கொடுமை. பீரோவைப் பூட்டும்போது அது பால்கனியில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் திறக்காத கத்தியை எங்கள் ஆட்கள் யாரும் கத்தியாகவே கணக்கில் வைப்பதில்லை. அது வெறும் துரு. வெறும் வேலை. பூட்டத் தோன்றவே இல்லை.

பாட்டில் இருக்கிறது. எண்ணெய் இருக்கிறது. கத்தி இல்லை.

மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் துருத்தூள் பொடிப் பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. துடைத்த துணி மடித்து வைத்திருக்கிறது. மெக்கானிக் ஆச்சே அவன். அசைத்து அசைத்து மூட்டை இளக்கிவிட்டான். இப்ப அது திறக்கும். இப்ப அது கத்தி.

அவன் வீட்டில் இல்லை. போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கான். எங்கே போனான்? எங்கேன்னு தேடுவேன்? அவருக்கு போன் போட்டால் வாயில் "கத்தி, கத்தி" என்றுதான் வந்தது. அவர் பாதி வேலையில் வந்து தெருத்தெருவாகத் தேடினார். நான் வாசல்படியை விட்டு நகரவில்லை. அவன் வந்தால் நான் இருக்க வேண்டும். வராவிட்டால் —

வந்தான். வெறுங்கையோடு, வியர்வையோடு.

"எங்கடா போனே?"

"சும்மா நடந்தேன்க்கா."

அவன் முகம் கழுவும்போது பையைத் துழாவினேன். மெத்தையைப் புரட்டினேன். தலையணையைப் பிதுக்கிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

மார்ச் 15

வேலைக்குப் போகவில்லை. அவருக்கும் எனக்கும் சமையலறையில் குசுகுசுவென்று சண்டை.

"அவன்கிட்டயே நேரா கேட்டுடு."

"கேட்டா, இல்லாத நெனப்பை நானே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"அதுக்காக எத்தனை நாள் மெத்தையைப் புரட்டுவே?"

கூடத்துக்கு வந்தால் தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். "வேலைக்குப் போகலையாக்கா?" "தலைவலிடா." "ஓ" என்றான். நாங்கள் இருவரும் எப்போதிலிருந்து இவ்வளவு நன்றாகப் பொய் சொல்லக் கற்றோம்?

மார்ச் 16

அவன் சட்டையில் எண்ணெய்க் கறை. இரண்டு தடவை தேய்த்துத் துவைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 17

பிரேம்கடை அண்ணன் போன் செய்தார். "தப்பா நெனைக்காதேம்மா. சொல்லக் கூடாதுன்னு உன் தம்பிகிட்ட ஒத்துக்கிட்டேன். ஆனா மனசு கேக்கலை."

அந்தக் கத்தி அவரிடம் இருக்கிறது. பதினாலாம் தேதியே தம்பி நடந்துபோய்க் கொடுத்திருக்கிறான். மடக்கி, உள்ளங்கையில் வைத்து, எங்கள் முறைப்படி. "நீ சரி பண்ணி அக்காவை அசத்தப் போறியான்னு கேட்டேன். அவன் சிரிக்கலை. 'அந்த வார்த்தையைச் சொல்லுங்கண்ணே'ன்னான். 'என் பொறுப்பு'ன்னு சொன்ன பிறகுதான் கையை எடுத்தான். 'மாசம் முடிஞ்சாலும் அக்காகிட்ட திருப்பிக் குடுக்காதீங்க. நான் இருக்கிற வீட்டுக்கு அது வர வேண்டாம்'னான். வீட்டுல எல்லாம் சரிதானேம்மா?"

போனை வைத்துவிட்டு நேராக அவன் அறைக்குப் போனேன். யோசித்தால் பயந்துவிடுவேன் என்று யோசிக்காமலே கேட்டேன்.

"செத்துடலாம்னு தோணுதாடா உனக்கு?"

என்னை நிமிர்ந்து பார்த்தான். வந்த நாளிலிருந்து இப்போதுதான் முழுசாகப் பார்த்தான்.

"தோணுதுக்கா. எல்லா நேரமும் இல்லை. வரும், போகும். அது மூட்டு இளகித் திறந்ததும் எனக்கே பயமா போச்சு. அதான் எடுத்துட்டு ஓடினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"நீ சோப்பு இருக்கான்னு கேட்டே. சாப்பிட்டியான்னு கேட்டே. இதைக் கேக்கலையே. சொன்னா நீ தாங்க மாட்டேன்னு நெனச்சேன்."

அவன் சொன்னது சரி. தாங்கவில்லை. அவன் மடியில் விழுந்து நான்தான் அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். என் பயம் தீரவில்லை. ஆனால் அவன் அறைக்கு வெளியே நின்று பயப்படுவதும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவதும் ஒன்றில்லை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

மார்ச் 18

மருத்துவமனை. மனநல டாக்டர் பெண், என்னைவிடச் சின்னவள். நான் கேட்கப் பயந்து செத்த அதே கேள்வியை, காய்ச்சல் இருக்கா என்று கேட்பதுபோல் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். அவனும் சொன்னான். மாத்திரை எழுதினாள். பீரோ பூட்டியே இருக்கட்டும் என்றாள். "கேக்கறதால அந்த நெனப்பு வந்துடாது. பயப்படாம தினமும் கேளுங்க" என்றாள். பயப்படாமலா? சரி, பயந்துகொண்டே கேட்கிறேன்.

மார்ச் 23

காலையில் கேட்டேன். "இன்னைக்கு இல்லைக்கா" என்றான். நம்பலாமா? கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. மாத்திரை விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, திரும்பி வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவரோடு உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மறுபடி பஸ் பிடித்தேன். மேலாளரிடம் நல்ல திட்டு.

மார்ச் 29

இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. பேச்சும் இல்லை. டாக்டருக்கு போன் செய்தேன். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், தனியாக மட்டும் விடாதீர்கள் என்றாள். அவர் விடுப்பு எடுத்திருக்கிறார். தைரியமாக இருப்பதுபோல் சமையலறைப் பாத்திரம் முழுவதையும் தேய்த்துத் தள்ளிவிட்டார் மனுஷன்.

ஏப்ரல் 5

துணி மடித்துக்கொண்டிருந்தேன். இன்று இன்னும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா."

"என்னடா?"

"இன்னைக்கு முடியலைக்கா. கொஞ்சம் வந்து உக்காரேன்."

துணியைப் போட்டுவிட்டுப் போனேன். கட்டிலில் படுத்திருந்தவன் காலை மடக்கி எனக்கு இடம் விட்டான்.