வாளித் தண்ணீரில் டால்பின்

நீ மார்ச் மாதம் மடித்து வைத்த ரஜாய்ப் போர்வையை வெயிலில் போடுவதற்காக இன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனையையும் மீறி ரப்பர் வாடை அடித்தது. உன் நீச்சல் முகமூடி. டெல்லி லால் கிலா கோட்டைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கடைக்காரனை "பையா, பையா" என்று கெஞ்சியும் மிரட்டியும் நீ வாங்கியது. ரப்பர் இளகிக் கையில் ஒட்டிக்கொண்டது. கழுவத் தோன்றவில்லை.

சினிமாவுக்கு முன்னால் போடும் செய்திப் படத்தில் லட்சத்தீவு டால்பின்களை ஒரே ஒரு நிமிடம் பார்த்தாய். அன்று பிடித்தது உனக்கு அந்தப் பித்து. சர்க்கார் தரும் நம் எல்.டி.சி. பயணச் சலுகையோ நாலு வருஷ பிளாக்கில் ஒருமுறைதான் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் போகவிடும். மற்றபடி சொந்த ஊர் திருநெல்வேலிதான். அந்த ஒருமுறையையும் இரண்டு பிளாக்குகளில் உறவுக்காரர் கல்யாணங்களுக்கே நான் தின்று தீர்த்தேன். மூன்றாவது பிளாக்கில் நீ விடவில்லை.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் முற்றத்தில் இரும்பு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, முகமூடியோடு தலையைக் கவிழ்ப்பாய். நான் கைக்கடிகாரத்தோடு நிற்பேன்.

"என்ன தெரியுது?"

மூச்சு வாங்க நிமிர்ந்து, "டால்பின்!" என்பாய். பக்கத்து வீட்டு சர்தார்னி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போவாள்.

தீவில் இறங்கிய அன்றும் மறுநாளும் காற்று. படகு விடவில்லை. கப்பலேற வேண்டிய நாள் காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு படகு. பவளப்பாறை சுற்றி வளைத்த அந்தக் காயலின் நடுவில்தான் முக்குளிக்கும் இடம். டால்பின் வருவதும் அங்கேதான்.

எனக்கு வேறொரு அரிப்பு. கணக்குப் பிரிவில் அடுத்தவர் எல்.டி.சி. பில்லில் ஓட்டை தேடியே நாற்காலியைத் தேய்த்தவன் நான். தீவுக்கு வந்துபோனதற்கு ஒரு முத்திரை வாங்கிவிட்டால் என் பில்லில் எவனும் கை வைக்க முடியாது. ஆறரை மணிக்கே தீவிலிருந்த அரசு அலுவலக வாசலில் போய் நின்றேன், உன்னையும் இழுத்துக்கொண்டு.

"ஏங்க, நேரமாச்சுல்லா. படகு போயிரும்."

"பத்து நிமிஷம் பொறு. குடும்பத்த நேர்ல காட்டுன்னு கேட்டா யாரக் காட்டுவேன்? நீயும் இரு."

இருந்தாய். முத்திரைக்காரர் எட்டு மணிக்கு வந்தார். உன்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நாம் கரைக்கு ஓடியபோது படகு தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தது. திரும்பி வந்தவர்கள் சொட்டும் தலையோடு ஒரே கூச்சல். பத்துக்கு மேல் இருக்குமாம். கை நீட்டினால் தொடலாமாம். ஒரு குட்டியும் இருந்ததாம்.

"அடுத்த பிளாக்ல கண்டிப்பா வருவோம்" என்றேன்.

நீ முகமூடியை மாட்டிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் சேலையோடு மண்டியிட்டு முகத்தைக் கவிழ்த்தாய். வெகுநேரம் நிமிரவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன தெரியுது?"

"மணலுதான் தெரியுது. போவோம், வாங்க."

திட்டியிருக்கலாம் நீ. கொச்சி வரும்வரை கப்பலில் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தாய்.

பில் ஒரே வாரத்தில் பாஸாயிற்று. அந்த முத்திரைக் காகிதத்தை யாரும் கேட்கவே இல்லை. ஜூலை மழையில் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினைந்து நாள்கூட நீ தாங்கவில்லை.

ஜனவரியில் புது பிளாக் பிறக்கிறது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. படிவத்தில் குடும்ப உறுப்பினர் கட்டத்தில் கை பழக்கத்தில் உன் பெயரை எழுதிவிட்டது. அடித்துவிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. நேற்றுகூட ஒருவருடைய பில்லை, சான்று போதாதென்று திருப்பி அனுப்பினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ரஜாயை வெயிலில் போட்டுவிட்டு, அந்த இரும்பு வாளியில் தண்ணீர் பிடித்தேன். பிசுபிசுத்த முகமூடியை மாட்டி முகத்தைக் கவிழ்த்தேன். ஓரமெல்லாம் தண்ணீர் கசிந்து கண்ணுக்குள் வந்தது. துருப்பிடித்த வாளியின் அடி தெரிந்தது. மூச்சு முட்டும்வரை அப்படியே இருந்தேன். என்ன தெரியுது என்று கேட்க யாருமில்லை.