ஒலிபரப்பாகாத அழைப்பு

அண்ணா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளித்தேன். மணி நாலரை. துப்பிய பிறகுதான் இன்று நிகழ்ச்சி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போன மாதம் நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து ஆறு மணிக்கு நம் ரேடியோவில் பக்திப் பாட்டுதான் ஓடுகிறது. உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை. மறுபடி படுக்கவும் முடியாமல் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொப்பளிக்கும் பழக்கம் நீங்கள் கொடுத்தது. எழுதித் தருவதும், பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பதும்தானே என் வேலை, எனக்கு எதற்கு என்று கேட்டேன். "சிரிக்கிறதுக்கும் தொண்டை வேணும்மா" என்றீர்கள்.

பட்டுக்கடை வாசலில் மைக் பிடித்து ஆடித் தள்ளுபடிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். ஸ்டுடியோவுக்குள் வந்த முதல் நாள் நாலு சுவரையும் பார்த்துவிட்டு, "இன்னாமா இது, எதிர்ல ரோடே இல்லாம யாராண்ட பேசறது?" என்றீர்கள். ஒரே வருடத்தில் ஊரே உங்கள் எதிரில் வந்துவிட்டது. "எழுந்துட்டீங்களா, இல்ல படுத்துக்கினே கேக்குறீங்களா?" என்று நீங்கள் ஆரம்பித்தால், இட்லிக் கடையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் தறி ஓடும் வீடுகளிலும் பதில் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் பிராங்க் காலுக்குத்தான் மவுசு. பட்டுக்கடை முதலாளி குரலில் நெசவாளர்களை அழைத்து வம்பிழுப்பீர்கள். அவர்கள் திட்டுவார்கள். அந்தத் திட்டுதான் நிகழ்ச்சி. அதைக் கேட்டுத்தான் சென்னையிலிருந்து ஒரு பெரிய நிலையம் உங்களைக் கூப்பிட்டது.

அந்த வாரம் நான் எழுதிய தாளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினீர்கள். "தறில பாதி சேலை ஓடிக்கினு இருக்கும்போது அறுத்துடுன்னு சொல்றதா? வேணாம்மா. மொதலாளி சொன்னா அறுத்துடுவாங்க."

நான் தறி இல்லாத வீட்டில் பிறந்தவள். "ரெண்டு வாரம் நெய்ததை யாராவது அறுப்பாங்களா அண்ணா? சென்னைக்குப் போறவர் இதுக்கே பயந்தா எப்படி?" என்று சிரித்தேன். நீங்கள் போனை எடுத்து ஒரு நெசவாளரை அழைத்துவிட்டீர்கள்.

"பொண்ணு வீட்ல கலர் மாத்திட்டாங்கப்பா. அரக்கு வேணாமாம். தறில இருக்கறத அறுத்துப் போட்டுடு."

திட்டுக்காகக் காத்திருந்தோம்.  "சரிங்க மொதலாளி" என்றார் அவர். போனை வைக்காமலே எழுந்து போனார். பட்டு நூல் அறுபடும் சத்தம் போனில் கேட்காது. அவர் மனைவியின் குரல்தான் கேட்டது. "யோவ், இன்னாய்யா பண்ற? ஐயோ, அறுக்கிறியே!"

"ரேடியோப்பா! சும்மாப்பா! நிறுத்துப்பா!" என்று கத்தினீர்கள். போன் பக்கத்தில் யாரும் இல்லை.

உடனே அவர் வீடு இருக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு வண்டியை எடுத்தீர்கள். நானும் கிளம்பினேன். "நீ வராத. பேசுனது என் வாய்தானே? உன் பேரு எதுக்கு?" என்றீர்கள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கடைசிவரை சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போலச் சிரிக்கவைத்தீர்கள். பிராங்க் கால் மட்டும் அதோடு நின்றது. கேட்டவர்களிடம், "போர் அடிச்சிடுச்சிப்பா" என்றீர்கள். சென்னைக்காரர்களுக்கு அந்த பிராங்க் கால்தான் வேண்டியிருந்தது. அவர்கள் மறுபடி கூப்பிடவில்லை.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "நல்ல மனுஷன், ஆனா துணிச்சல் பத்தல. சென்னைக்குப் போயிருந்தா எங்கியோ இருந்திருப்பாரு." நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்தே ஓர் அசதி. எவ்வளவு தூங்கினாலும் போகவில்லை.

நேற்று நம் புது மேலாளர் பழைய கணினியில், நாம் ஒலிபரப்பாமல் விட்ட அந்த அழைப்பின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை உங்கள் நினைவு நிகழ்ச்சியில் போட வேண்டுமாம். "அந்தம்மா கத்துறது வரைக்கும் செமயா இருக்குது மேடம். அதோட கட் பண்ணிக்கலாம்." அவர்மேல் தப்பில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம், இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிவந்த பதிலும் அது ஒன்றுதான்.

அந்த நெசவாளர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். இவ்வளவு காலமும் அவர் மனத்தில், அறுக்கவைத்த ஆளாக உங்கள் முகம்தான் இருந்திருக்கும். கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அவர் வீட்டுக்குப் போகப்போகிறேன். எழுதியது நான், அண்ணன் வேண்டாம் என்றபோது அவரைப் பார்த்துச் சிரித்ததும் நான் என்று சொல்வேன். அவர் திட்டினால் நின்று கேட்டுக்கொள்வேன். அவர் சம்மதித்தால், வெள்ளிக்கிழமை அந்தப் பதிவு ஓடவேண்டிய நேரத்தில், அவர் பெயரைச் சொல்லாமல், நடந்ததை மைக்கில் நானே சொல்லிவிடுவேன். இந்த முடிவு மேலாளருக்கும் தெரியாது, வீட்டிலும் யாருக்கும் தெரியாது.