ஏழாம் எண் கும்பிடுபூச்சியின் முதல் இரை

செவ்வாய்க் கோள், மூன்றாம் நிலையம்
பதிவு: செண்பகவல்லி, பூச்சியியல்

நாள் 212, காலை 8:20

கண்ணாடிக்கூட வெப்பம் 27. ஈரப்பதம் 64. கறிவேப்பிலைச் செடிகள் நலம். எலுமிச்சைப் பட்டாம்பூச்சிகள் முப்பத்தொன்று. கும்பிடுபூச்சி ஒன்றே ஒன்று, ஏழாம் எண், பெண்.

இந்தப் பதிவைப் பின்னால் வந்து படிப்பவருக்காக: பூமியிலிருந்து வந்த முட்டைக்கூட்டில் ஏழு கும்பிடுபூச்சிகள்தான் பொரிந்து வந்தன. சிறு ஈக்களைத் தட்டில் வைத்துக் கொடுத்து வளர்த்தோம். பெரிதானபின் தாமாக வேட்டையாட விட்டோம். அவற்றில் ஆறு பட்டினியால் செத்தன. இங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். முன்னங்கால்களை வீசும்போது உடல் கூடவே எழும்பிவிடுகிறது, இரை தப்பிவிடுகிறது. ஏழாம் எண் மட்டும் சில நாளாகப் பின்னங்கால்களால் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீசுகிறது. நேற்று ஒரு பட்டாம்பூச்சியின் சிறகை உரசிவிட்டது.

அது பிடித்துவிட்டால், வேட்டையாடும் உயிர் இந்த மண்ணில் பிழைக்கும் என்று பொருள். பயிர்ப் பூச்சிகளை அடக்க நாளைய பண்ணைகளில் மருந்து வேண்டியிருக்காது. அதைப் படமெடுக்கத்தான் பதினோரு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாள் 212, காலை 9:55

நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். அமலதாஸ் பொறியாளர், தூத்துக்குடிக்காரர். தண்ணீர்த் துளைப்பானில் அதிர்வு அதிகம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பன்னிரண்டு நிமிட ஓட்டம்.

ஒரு சிக்கல். வானொலி ஒலிக்கும் கூடத்து ஒலிபெருக்கி கரகரத்தால் ஏழாம் எண் உறைந்துவிடுகிறது, அரை நாளுக்கு அசைவதில்லை. ஒருவர் வெளியில் இருக்கும்போது வானொலியை மூடக்கூடாது என்பது விதி. அவரிடமே கேட்டேன்.

"முக்கா மணி நேரந்தான டாக்டரே? மூடிக்கிடுங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன். படம் மட்டும் வரலைன்னா இன்னைக்குச் சோறு நீங்கதான் பொங்கணும்."

நாள் 212, காலை 10:05

வானொலி மூடப்பட்டது. 10:50க்குத் திறக்க வேண்டும். கேமரா தயார். வில்லையிலிருந்து பூச்சிக்கு ஒரு சாண்.

10:47

பிடித்தது! பிடித்துவிட்டது. முதல் வீச்சிலேயே. மார்புக்குக் கீழே, இரண்டு முன்னங்கால்களாலும்.

10:50

நேரமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம். இப்போது கரகரத்தால் இரையை விட்டுவிடும். தின்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

10:58

தின்கிறது. ஒளி அருமை.

11:06

முடிந்தது. 412 படங்கள். வானொலி திறக்கிறேன்.

நாள் 212, மாலை 5:30

அமலதாஸ் இறந்துவிட்டார்.

வானொலியைத் திறந்ததும் சேமிப்பில் நான்கு செய்திகள் இருந்தன. கேட்ட வரிசையில் எழுதுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

10:33. "டாக்டரே, துளைப்பான் கம்பம் சாஞ்சு கால் மேல விழுந்துட்டு. முதுகுல காத்துப் பெட்டி ஒடஞ்சிட்டு. மாத்துக் குடுவைக் காத்துல இருக்கேன், நாப்பத்தஞ்சு நிமிசம் வரும். பதற வேண்டாம். உங்க நேரம் முடிஞ்சதும் கெளம்புனா போதும், கணக்குச் சரியா வரும்."

10:41. "நெம்பிப் பாத்தேன், அசைய மாட்டேங்கு. அசைஞ்சா காத்து சீக்கிரம் தீருது. சும்மா படுத்துக் கெடக்கேன்."

10:52. "பத்தம்பது தாண்டிட்டே. கேக்குதா? டாக்டரே?"

11:01. "பூச்சி புடிச்சிட்டோ. புடிச்சிருக்கும், அதான். நல்லது." சிறிது நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "செண்பகம், வாம்மா."

ஏழு மாதத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான்.

"வர்றேன், பேசாதீங்க, காத்த மிச்சம் பண்ணுங்க" என்றேன். "சரி" என்றார். அதன்பின் பேசவில்லை.

உடுப்பு மாட்டப் பத்து நிமிடம். இரண்டாம் வண்டியில் பன்னிரண்டு நிமிடம். போய்ச் சேர்ந்தபோது 11:28. அவருடைய காற்று 11:18க்குத் தீர்ந்திருந்தது. கம்பத்தை நான் ஒரே மூச்சில் நெம்பி நகர்த்தினேன். வெளியிலிருந்து நெம்பினால் அவ்வளவு லேசு. கண்கள் திறந்திருந்தன. முகக்கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தது.

10:50க்குத் திறந்திருந்தால் 11:12க்குப் போயிருப்பேன்.

பல தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

நாள் 213, காலை 7:15

அவரைக் குளிர் அறையில் வைத்திருக்கிறேன். போர்வையைச் சரியாகப் போர்த்தவில்லை என்று தோன்றி இரண்டு முறை போய்ப் பார்த்தேன்.

கட்டுப்பாட்டு மையத்துக்கு எல்லாவற்றையும் நேற்றே அனுப்பினேன். படங்களும் தானாகப் போயிருக்கின்றன. பதில்:

"செண்பகவல்லி, எங்க எல்லாருக்கும் பெரிய துயரம். நீங்க தைரியமா இருக்கணும். அந்தப் படங்கள் மிக முக்கியமான கண்டுபிடிப்பு, நாளைக்கு வெளியிடுறோம். விபத்து அறிக்கையில வானொலிக் கோளாறுன்னு போட்டிருக்கோம். குடும்பத்துக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கு. இப்போதைக்கு அதுவே எல்லாருக்கும் நல்லது."

வானொலியில் கோளாறு எதுவும் இல்லை. இங்கே பதிந்து வைக்கிறேன்.

நாள் 214, மதியம் 1:40

அமலதாஸின் மனைவி மெற்றில்டாவிடமிருந்து செய்தி. நான் அவரைப் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் அவருடைய குரல்செய்திகளை அமலதாஸ் ஓடவிடும்போது கேட்டிருக்கிறேன்.

"அக்கா, அவுக தனியாவா கெடந்தாக? ரேடியோ கெட்டுப்போச்சுன்னு சொல்லுதாக. எல்லாத்தையும் ரிப்பேர் பாக்குற மனுசன் அதச் சரிபண்ணாமயா வெளிய போனாரு? எனக்கு மனசு ஒப்பல. நீங்க சொல்லுங்க."

நாலு முறை பேச ஆரம்பித்து அழித்தேன். பிறகு அவருடைய நான்கு செய்திகளையும் என் பதிவேட்டையும் அப்படியே அனுப்பினேன். மூடினேன், அவர் சம்மதத்தோடு மூடினேன், சொன்ன நேரத்துக்குத் திறக்கவில்லை, பதினாறு நிமிடம். அவ்வளவுதான் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

குரல் போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம், திரும்பி வரப் பன்னிரண்டு. மாலை வரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

நாள் 216

நேரம் பார்க்கவில்லை. படம் உலகம் முழுவதும் போயிருக்கிறதாம். மையத்தில் யாரோ ஒருவர் மறந்துபோய் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தினார்.

சோறு பொங்கினேன். இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன்.

கூடத்துக்குள் போகவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் தானாக ஓடுகிறது. ஓடட்டும்.

நாள் 217, காலை 9:00

மெற்றில்டா:

"கேட்டேன் அக்கா. எல்லாத்தையும் கேட்டேன். அந்தப் படத்த அனுப்புங்க. ஊரே பாக்குது, நான் உங்ககிட்ட வாங்கித்தான் பாக்கணும்."

அனுப்பினேன். மையம் வெளியிட்ட அதே படம், 10:58இல் எடுத்தது. பச்சை முன்னங்கால்களின் ஒவ்வொரு முள்ளும் துல்லியம். நான் எடுத்ததிலேயே சிறந்தது.

நாள் 217, காலை 10:10

மெற்றில்டா:

"பாத்தேன். அதுல ஒரு றெக்க மட்டும் கலங்கலாத் தெரியுதே, ஆடிக்கிட்டு இருந்துச்சா? அப்ப அதுக்கு உசுரு இருந்துருக்கு. திங்கும்போதே உசுரு இருந்துருக்கு. எம்புட்டு நேரம் இருந்துச்சு அக்கா? நீங்க எம்புட்டுப் பக்கத்துல இருந்தீக?"

நாள் 217, காலை 11:30

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். 412 படங்களையும் முதலிலிருந்து திறந்தேன். பார்க்காமல் அவரிடம் பதில் சொல்ல முடியாது.

இதுவரை நான் கும்பிடுபூச்சியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கால், தலை, தாடை. இப்போது மற்றதைப் பார்த்தேன். 10:47இல் இரண்டு சிறகும் அடிக்கின்றன. 10:53இல் இடது சிறகு நின்றுவிடுகிறது. வலது நிற்கவில்லை. 11:01இல் அடிக்கிறது. 11:04இல் அடிக்கிறது. உணர்கொம்பு வில்லையின் பக்கம் திரும்புகிறது. கடைசிப் படத்தில்தான் அசைவில்லை. அதன்பின்தான் நான் எழுந்திருக்கிறேன். அது நிற்கட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

பதில் அனுப்பிவிட்டேன்.

பத்தொன்பது நிமிடம், மெற்றில்டா.

ஒரு சாண் தூரம்.